என் பங்கு x, உன் பங்கு y

என்னோடு படித்த அவள் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வருவாள். நான் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் என் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். பொறியியல் படிப்பில் நான் பொறுப்பாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

எங்களுக்கு வந்த பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் இரண்டிரண்டாக வரும். தேடுவது u என்ற ஒன்றைத்தான். அது x-ஐப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று ஒரு சமன்பாடு சொல்லும். y-ஐப் பொறுத்து எப்படி என்று மற்றது சொல்லும். x எனக்கு, y அவளுக்கு. ஆளுக்கொன்றைத் தொகையிட்டு, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒன்றாக்குவோம்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். x²y + x என்று எழுதி, வாலில் வழக்கம்போல் மாறிலியாக ஒரு C-யை ஒட்டிவிட்டு, பெருமையாகத் தே தாரேக் டீயை உறிஞ்சினேன்.

"என்ன பாஸ், வெறும் C?" என்றாள். "நீ x-ஐ இன்டக்ரேட் பண்றப்போ y அசையாம நிக்குது லா. அந்த இடத்துல y என்ன வேணும்னாலும் இருக்கலாம். f(y)-ன்னு இடம் விடு. என்னை மொத்தமா கழட்டி விட்டுட்டியே!"

அன்றிலிருந்து இடம் விட்டேன். அவள் தாளில் x²y + y² இருக்கும். அதிலிருந்து y²-ஐ எடுத்து என் f(y)-ஐ நிரப்புவாள். இரண்டு தாளிலும் இருக்கும் x²y-ஐ நான் இரண்டு தடவை கூட்டி வாங்கிய திட்டு தனிக்கதை. கடைசியில் ஒரு C மட்டும் மிஞ்சும். யாராவது ஓர் இடத்தில் u-வின் மதிப்பைச் சொன்னால்தான் அது பிடிபடும்.

படிப்பு முடிந்து அவளுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. கிளம்பும்முன் அதே மேசையில், "ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"அந்த வடைய நீ சாப்பிடலையா?" என்றேன்.

சிரித்தாள். வடையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது பெட்டாலிங் ஜெயாவில் எனக்கு வேலை. தொகையிடுவதையெல்லாம் கணினி பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் சனிக்கிழமையானால் அந்தக் கடைக்குப் போய், பழைய கணக்கொன்றில் என் பாதியைப் போடுவேன். மறுபாதியும் எனக்குத் தெரியும்தான், கை ஓடாது. போன வாரம் f(y)-யோடு நின்ற தாளைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

தே தாரேக் ஆறிய பிறகு பதில் வந்தது. அவள் கையெழுத்தில் y². கீழே: "C மிச்சம் இருக்கு பாஸ். நீதான் சொல்லணும்."

முதலில் வடையைப் பற்றித்தான் தட்டினேன். அழித்தேன். "அடுத்த சனிக்கிழமை இடம் பிடிச்சு வைக்கிறேன். வா, நேர்ல சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, ஒரு வாரம் முன்னதாகவே எதிர் நாற்காலியில் பையை வைத்தேன்.