ராக்காயி தொடங்கிவைத்த பாட்டு

எங்கள் வாய்க்கால் சகோதரர் சங்கத்தின் பாட்டை எழுதியவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய என் அப்பா வீரகத்தி. அதில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் எனக்குப் பொல்லாத கோபம் வரும். மெட்டைக் கொஞ்சம் இழுத்துப் பாடிய ஒருவரோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவன் நான். அப்படிப்பட்ட என்னையே பாட்டை மாற்ற வைத்தவர் ராக்காயி. இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு, கணவர் சங்கிலியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வன்னிக்கு வந்தவர். கூலி வேலை செய்து, எங்கள் வாய்க்காலில் ஒரு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்தார்கள். சங்கிலி பாம்பு கடித்துச் செத்த மூன்றாம் மாதம், வாய்க்கால் துப்புரவுக்கு அவருடைய மண்வெட்டியோடு வந்து நின்றார் ராக்காயி. "பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை?" என்றவர்கள் மத்தியானத்துக்குள் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு வருடம் துப்புரவு செய்தவர் அங்கத்தவர் என்பது விதி. அப்படித்தான் அவர் எங்கள் முதல் பெண் அங்கத்தவர் ஆனார்.

ஒவ்வொரு வருடமும் சிறுபோக நெல் விதைப்புக்குச் சீட்டுக் குலுக்குவோம். பெயர் விழுந்தவர் சங்கப் பாட்டைத் தொடங்கிவைத்து, பாடி முடிந்ததும் மண் அணையை வெட்டி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிட வேண்டும். பாட்டு முடியாமல் தண்ணீர் விட்டதே இல்லை. எண்பத்திரண்டில் சீட்டு ராக்காயிக்கு விழுந்தது.

அவர் அணையில் ஏறி நின்றார். பாடவில்லை. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"பாடுங்கோவன்," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. 'அண்ணன் தம்பி கைகோத்து ஆனையிறவு தாண்டி வந்தோம்'னு இருக்கு. நான் மலையிறங்கி வந்த பொம்பளை. நான் இல்லாத பாட்டை எப்படிங்க தொடங்கி வைக்கிறது? வேற யாரையாச்சும் பாடச் சொல்லுங்க, நான் ஒதுங்கிக்கிறேன்."

"அது அப்பாவின்ரை பாட்டு. மாத்தேலாது."

"சரிங்க. அன்னிக்கு அவரோட உங்க அம்மா வரலீங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கம்போல என் அம்மா நாகேஸ்வரி தேத்தண்ணிக் கேத்திலோடு வரம்பில் நின்றார். விதைநெல்லைத் தலையில் சுமந்து வந்தவர். அப்பாவோடு நின்று காடு வெட்டியவர். முப்பது வருடமாக அந்தப் பாட்டைக் கேட்கிறார். அவர் பாடி நான் கண்டதில்லை. ஏன் என்று நினைத்ததும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஓம் யோகலிங்கம், நானும்தானே வந்தனான்," என்றார் அம்மா.

வரம்பில் குந்தியிருந்து, பாட்டு எழுதியிருந்த சங்கக் கொப்பியைத் திறந்தேன். ஆனையிறவு வரியை வெட்டப் போனபோது ராக்காயி தடுத்தார்.

"அது இருக்கட்டுங்க. நீங்க வந்த வழி அதுதானே? எங்க வழியையும் பக்கத்துல போடுங்க."

அண்ணன் தம்பி அக்கா தங்கை
அனைவரும் கைகோத்து வந்தோம்
ஆனையிறவு தாண்டி வந்தோம்
அந்த மலையிறங்கி வந்தோம்

வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்டேன். கதிர்காமநாதன் மட்டும் முணுமுணுத்தார். பிறகு அவரும் கையைத் தூக்கினார்.

ராக்காயி கணீரென்று தொடங்கினார். மூன்றாம் வரியில் இன்னொரு பெண்குரல் சேர்ந்தது. கேத்திலைக் கீழே வைத்துவிட்டு அம்மா பாடிக்கொண்டிருந்தார். புது வரிகள் முடிந்து, அப்பா எழுதிய மிச்சப் பாட்டுக்குள் போனோம். அம்மாவுக்கு ஒரு சொல்கூடப் பிசகவில்லை.