எங்க வூடுன்னு நெனச்சிக்கினு வந்துட்டேன்

கல்லூரியில் நான் நடத்துவது அமெரிக்க இலக்கியம். அதிலும் போருக்குப் பிந்தைய நாவல்கள். நகரத்துக்கு வெளியே ஒரே அச்சில் வரிசையாக வீடுகள், காலையில் ஒரே மாதிரி உடுப்பில் ரயிலேறும் ஆண்கள், சிரித்துக் கையசைத்துவிட்டு உள்ளே போய் அழும் பெண்கள். கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று சக ஆசிரியர்கள் கவலைப்படுவார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை. நான் குடியிருப்பதே அப்படி ஒரு நாவலுக்குள்தான்.

சின்னசேலம் சாலையில் கரும்புக் கொல்லையைப் பிளாட் போட்டு எழுப்பிய நகர் எங்களுடையது. எல்லா வீட்டுக்கும் கிரீம் கலர், காப்பிக் கலர் பார்டர், ஸ்டீல் கேட், அதற்கு மேல் ஒரே கடையில் வாங்கிய திருஷ்டி பொம்மை. வாசலில் துணி காயப்போடக் கூடாது என்று நலச்சங்கம் சொல்லிவிட்டது. எல்லாம் 'வூடு', 'இன்னா' என்று வளர்ந்த வாய்கள்தான். நகருக்குள் நுழைந்ததும் 'வீடு', 'என்ன' என்று இஸ்திரி போட்டுப் பேசும். ஊரோடு ஒத்து வாழ் என்பதை இவ்வளவு சிரத்தையாக வேறெந்த ஊரும் கடைப்பிடித்திருக்காது. நானும்தான் கடைப்பிடித்தேன்.

அந்த வருடம் என் கணவருக்கு வேலை போயிற்று. அவர் இருந்த விதைக் கம்பெனி டவுனில் வைத்திருந்த கிளையை மூடிவிட்டது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருவருமாகத்தான் முடிவெடுத்தோம். காலையில் நான் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பேன். அவர் டிபன் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு, எதிர்ப்படுபவர்களுக்கெல்லாம் தலையசைத்துவிட்டு, சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தெரிந்தவர்களிடம் வேலை கேட்கவும் வழியில்லை. கேட்டால் செய்தி பரவிவிடுமே! நாளாக நாளாக அவர் பேச்சு குறைந்தது. ஒருநாள், "ரயிலு வரப்போ தண்டவாளத்தையே பாத்துக்கினு இருக்கேன்" என்றார். மறுநாள் முதல் வகுப்பு இடைவேளைதோறும் அவருக்கு போன் செய்தேன்.

அந்த வாரம் வகுப்பில், நாவலில் தனியே அழுகிற பெண்ணைப் பற்றி ஒரு மாணவி கேட்டாள்: "அந்தம்மா பக்கத்து வூட்ல போய் சொல்லியிருக்கலாமில்ல மேடம்?"

"சொல்லிட்டா நாவலே இல்லம்மா" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

ஆடி வெள்ளியன்று என் கணவருக்குக் காய்ச்சல். நான் லீவு போட்டுவிட்டுப் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்து கூடத்தில் ஒரு பெண் குரல்.

"இன்னாய்யா, உச்சி வெயிலு வரிக்கும் இழுத்துப் போத்திக்கினு! எழுந்து கூழு குடி!"

ஓடினேன். இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா, மாரியம்மன் கோயில் கூழ்த் தூக்கோடு சோபா முன்னால் நின்றிருந்தார். நலச்சங்கக் கூட்டத்தில் எல்லாரையும்விடத் திருத்தமாகப் பேசுகிறவர் அவர். வெயிலுக்குத் தலையைக் குனிந்தபடி நடந்து வந்தவருக்கு எங்கள் கேட்டும் அவருடைய கேட்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. போர்வையை விலக்கி எழுந்தவரோ என் கணவர்.

"ஐயய்ய, எங்க வூடுன்னு நெனச்சிக்கினு வந்துட்டேன் டீச்சர்!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, "தம்பி ஆபீஸ் போவலீங்களா?"

காய்ச்சல் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர், "ஆபீஸே இல்லக்கா" என்று சொல்லி, முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

அக்கா நேரே சமையலறைக்குள் போனார். இந்த நகரில் எல்லாச் சமையலறையும் ஒன்றுதான். டம்ளர் எங்கே இருக்கும் என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. கூழை ஊற்றிக் கொடுத்து, சின்ன வெங்காயம் உரித்து வைத்தார்.

"வூட்டுக்கு வூடு வாசப்படிதான் டீச்சர். போன வருசம் எங்க வூட்டுக்காரரு பையை மாட்டிக்கினு தியாகதுருகம் மலை மேல போய்க் குந்திக்கினு இருந்தாரு. இப்ப செக்யூரிட்டி வேல, நைட் டூட்டி. அதையும் மறைச்சிக்கினுதான் இருக்கோம்" என்றார்.

என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மலை மேல காத்து நல்லா வருமேக்கா. எனக்குத் தெரியாம போச்சே" என்றார். மூவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

காய்ச்சல் விட்டதுமே அக்கா அவரைச் சின்னசேலத்தில் மக்காச்சோள மண்டி வைத்திருக்கும் தன் தம்பியிடம் அழைத்துப் போனார். சம்பளம் கம்மிதான். ஆனால் இப்போது தினமும் சின்னசேலம் போகிறவர் ஸ்டேஷன் பக்கம் திரும்புவதில்லை. அக்கா வீடு மாறி வந்த அந்த ஒரு தப்புக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டியவள்.

போன மாதம் நலச்சங்கக் கூட்டம் நடந்தது. இனி அவரவர் இஷ்டத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அமெரிக்க நாவல் நடத்துகிற நான்தான் முதலில் கை தூக்குவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுந்து, "எங்க வூட்டுக்கு அதே கிரீம் கலரே இருக்கட்டுங்க. அக்கா வூட்டுக்கும்" என்றேன்.

"ஏன் டீச்சர், நான் மறுபடியும் தப்பா வரணுமா?" என்றார் அக்கா, கூட்டத்துக்கு நடுவிலேயே.

"வாங்கக்கா" என்றேன். "கேட்டு தொறந்துதான் இருக்கு."