காரணம்: இணைச்சீர்

கொரோனா ஊரடங்கு வந்த அந்த வருடம் நான் முட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடைக்கு வாரம் இரண்டு முறை நாமக்கல்லிலிருந்து முட்டை வண்டி வரும். முன்கண்ணாடியில் 'அத்தியாவசியப் பொருள்' என்று ஒரு தாளை ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாள் இருந்தால் மாவட்ட எல்லையில் தடுப்பு தானாக விலகும். அட்டை அட்டையாக முட்டை வந்து இறங்குவதை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதே எல்லைக்கு அந்தப் பக்கம், ஜேடர்பாளையத்தில், என் தம்பிக்குக் கல்யாணம். கோழி போட்ட முட்டைக்கு வழி இருந்தது, கூடப்பிறந்தவளுக்கு இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அக்கா, நான், எனக்கு ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த தம்பி. அக்காவை மல்லசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்தார்கள், என்னைச் சேலத்தில். அம்மா வீடும் அக்கா வீடும் நாமக்கல் மாவட்டம். மாவட்டம் தாண்டக் கேட்ட பாஸ் அவளுக்கு வேண்டாம். நினைத்த நேரத்தில் வண்டியில் ஏறிப் போய் அம்மாவோடு உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். எனக்கு மட்டும் நடுவே ஒரு கோடு. எத்தனையோ தடவை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறேன், அப்படி ஒரு கோடு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

அக்கா மேல் எனக்கு இருந்த பொறாமை ஊரடங்கில் வந்தது இல்லை. சின்ன வயதில் எனக்குப் பாவாடை என்றால் அது அக்கா கட்டி முடித்த பாவாடைதான். நீளம் அதிகம் என்று அம்மா அடியில் ஒரு மடிப்பு வைத்துத் தைப்பாள். நான் வளர்ந்ததும் மடிப்பைப் பிரிப்பாள். பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்தே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "அக்கா பாவாடை" என்று சொல்லிவிடுவார்கள். இதில் பெரிய தொந்தரவு, அக்கா நல்லவள். கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

ஆனால் தம்பி கல்யாணத்தில் இணைச்சீர் எனக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்பு மாப்பிள்ளைக்கும் அவனுடைய கூடப்பிறந்தவளுக்கும் ஒரு சீர் நடக்கும். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் பிடிக்க, இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்பாள். நீ கல்யாணம் செய்துகொண்டாலும் எனக்கும் உன்னிடம் பாத்தியதை உண்டு என்று சபைக்குச் சொல்வதுதான் அது. சபையில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த நேரத்துக்கு அவள்தான் பெரியவள். பெரியப்பா மகன் கல்யாணத்தில் அக்கா நின்றுவிட்டாள். அதனால், "இது சின்னவளுக்கு" என்று அம்மா சொல்லிவிட்டாள். தம்பி எனக்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்து அம்மா வீட்டில் வைத்திருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா தொடாத ஒன்று எனக்கு வரப்போகிறது என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எல்லாவற்றையும் மூடினார்கள். திருச்செங்கோட்டில் பிடித்த மண்டபம் போயிற்று. ஐம்பது பேருக்குள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு நடத்திக்கொள்ளலாம் என்றார்கள். வெளி மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் போனில் விண்ணப்பித்துப் பாஸ் வாங்க வேண்டும்.

மளிகைக் கடைக்கு முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வட்டம். முகக்கவசத்துக்குள்ளிருந்து எல்லோரும் அரசாங்கத்தைத்தான் பேசுவார்கள்.

"நேத்து மண்டலத்துக்குள்ள போலாம்னாங்க. இன்னிக்கு மாவட்டத்தத் தாண்டக்கூடாதுங்கறாங்க. நாளைக்கு ஊட்டுக்குள்ள சமையக்கட்டுக்குப் போக பாஸ் கேப்பாங்களாட்ட இருக்குது" என்றார் டீக்கடைக்காரர். அவர் கடை மூடி மாதக்கணக்காகியிருந்தது.

"பிராந்திக் கடைக்கு மட்டும் பந்தல் போட்டு, கட்டை கட்டி, டோக்கன் குடுத்து வுடறாங்களே" என்றாள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும், "அவிய என்னங்க பண்ணுவாங்க? இதுக்கு முன்னாடி இப்பிடி ஒண்ணப் பாத்திருக்காங்களா?" என்பார். அவரை யாரும் லட்சியம் செய்யவில்லை. நான் செய்தேன், முறைத்தேன். அவருடைய பிள்ளைகள் எல்லாம் சேலத்துக்குள்ளேயே இருந்தார்கள். அவருக்கு என்ன?

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அக்கா போன் செய்தாள். "உனக்குப் பாஸ் கெடைக்கலீன்னா நான் நின்னுக்கறேன் கண்ணு. நீ வெசனப்படாத" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கோ, அவள் ஏற்கெனவே அந்த மாம்பழ நிறச் சேலையைப் பிரித்துப் பார்த்திருப்பாள் என்று தோன்றியது.

அன்று மாலையே என் கணவர் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெயர், வண்டி எண், எங்கிருந்து எங்கே எல்லாம் போட்டு முடித்து, 'பயணத்துக்கான காரணம்' என்ற இடத்துக்கு வந்தார். திருமணம், இறப்பு, மருத்துவம், மற்றவை என்று வரிசையாக இருந்தது.

"திருமணம்னு அமுக்கீறட்டுமா?"

"வேண்டாங்க. மற்றவைன்னு போட்டு, இணைச்சீர்னு எழுதுங்க."

"எதுக்கு புள்ள? கண்ணாலம்னா அவனுக்குப் புரியும்."

"கண்ணாலம்னா ஐம்பது பேருல நானும் ஒரு ஆளு. சோத்துக்கு வார ஒறம்பறைச் சனம்னு நெனச்சுக்குவாங்க. இணைச்சீர்க்காரி வரலீன்னா தாலி கட்டறதே நின்னுபோகும்னு தெரிஞ்சா எவன் வேண்டாம்பான்? நீங்க எழுதுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இனி பேசிப் பயனில்லை என்று தெரிந்து எழுதினார். உண்மையில் எனக்கு அந்த அதிகாரியைப் பற்றிக் கவலையில்லை. ஓர் அரசாங்கத் தாளில், முத்திரையோடு, இணைச்சீர் என்னுடையது என்று இருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்ட வேண்டும். திருச்செங்கோட்டு லாரி டிரைவரிலிருந்து தாசில்தார் வரை அந்தச் சொல் தெரியாதவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைப் படிக்கப் போகிறவர் எந்த ஊர்க்காரரோ என்று யோசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'ஏற்கத்தக்க காரணம் இல்லை. நிராகரிக்கப்பட்டது.' கணவர் திருமணம் என்று அமுக்கி மறுபடியும் அனுப்பினார். அது 'பரிசீலனையில் உள்ளது' என்று காட்டியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. நான் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு துக்கத்துக்குப் பாஸ் வாங்கி ஈரோடு போய் வந்துவிட்டாள். செத்தவருக்காக வருத்தப்படாமல் அவளுடைய பாஸைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். அவ்வளவு கேவலமாகிப் போயிருந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் போனை மிக்ஸி மேல் சாய்த்து வைத்து வீடியோவில் பார்த்தேன். படம் விட்டுவிட்டு வந்தது. "சின்னக்கா, தெரியுதா?" என்று தம்பி இரண்டு தடவை கேட்டான். அப்புறம் யாரோ போனை வாங்கிக்கொண்டார்கள். மாம்பழ நிறச் சேலையில் அக்கா வந்து நின்றாள். கூறைச்சேலையின் முனையைத் தம்பி கையில் கொடுத்தார்கள், இன்னொரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த நிறம் எடுத்தது. என்னைவிட நன்றாகவே எடுத்தது. படம் அங்கேயே நின்றுபோனது. அவள் பாதிக் கண் மூடியபடி என் அடுப்படியில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்குப் பாஸ் வந்தது.

"இனிப் போயி என்னத்துக்கு?" என்றேன். "அம்மாளப் பாக்கலாம், கெளம்பு" என்றார் கணவர். எல்லையில் போலீஸ்காரர் பாஸை வாங்கிப் பார்த்தார். "கல்யாணமா? இந்நேரம் முடிஞ்சிருக்குமேம்மா" என்று சொல்லித் தடுப்பை நகர்த்தினார். எங்களுக்கு முன்னால் ஒரு முட்டை வண்டி காலியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி. பந்தலில் இருந்த அத்தனை பேரும் எனக்காக அரசாங்கத்தைத் திட்டினார்கள். கூடப்பிறந்தவளைத் தடுத்த பாவம் சும்மா விடாது என்றார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டியது அக்கா. திட்டிக்கொண்டே உள்ளே போனவள் சாதாரணச் சேலைக்கு மாறி, பட்டுச்சேலையை மடித்து எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

"இது உன்றது சாமி. முகூர்த்தத்துக்கு மட்டுந்தான் கட்டியிருந்தேன். அழுக்குப்படாமப் பாத்துக்கிட்டேன்."

சேலை இன்னும் சூடாக இருந்தது.

"கண்ணாலம்னு போட்டுமா உன்னைத் தள்ளுனாங்க? என்ன காரணந்தான் போட்டீங்க?" என்று கேட்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"கண்ணாலம்னுதான் போட்டோம்க்கா" என்றேன்.

என் கணவர் இலையிலிருந்து தலை தூக்கவில்லை.

கல்யாணமான தம்பிக்கு இப்போது பெண் குழந்தை இருக்கிறது. உறவில் எங்கே கூடினாலும் ஊரடங்குப் பேச்சு வந்துவிடும். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு கதை உண்டு, அதை அக்காதான் சொல்வாள். பாசமாக, கோபமாக, கை நீட்டிச் சொல்வாள். "என்ற தங்கச்சி கண்ணாலம்னு எழுதிக் குடுத்தும் வுடல. அவ நிக்கவேண்டிய எடத்துல நான் நின்னேன். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல" என்று முடிப்பாள். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், அரசாங்கத்தைத் திட்டுவார்கள். அந்தக் கதையில்கூட அவள்தான் நல்லவள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவர எழுந்து போய்விடுவேன்.