தறிக்குழியில் இறங்கிய மாட்டு டாக்டர்

செய்தி ராசிபுரம் பஸ்ஸில் வந்தது. சேலத்தில் வண்டி நின்றதும் கண்டக்டர் என்னைத் தேடி வந்து, "உங்க மாட்டு டாக்டரு போயிட்டாருங்க. எருமை முட்டிருச்சாமா" என்றார்.

"நீங்கள் பார்த்தீர்களா?"

"நான் எங்கீங்க பாத்தேன்? சந்தையில பேசிக்கிட்டாங்க."

அதே வண்டியில் ஏறினேன். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத இந்த நாளில் கரிப்புகையில் ஓடுகிற வண்டி. மேடு வந்த இடத்திலெல்லாம் இறங்கி நடந்தோம். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். எருமை எதுவும் முட்டவில்லை. நான்கு நாள் காய்ச்சல் என்று அவர் மனைவியே சொன்னார்.

டாக்டர் நல்லதம்பியை அறிந்தவர்களுக்கு அவருடைய சைக்கிளும், பினாயில் வாடை வீசும் தோல்பையும் நினைவிருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் நோய் கண்ட மாட்டை அவர் முதலில் பார்க்கமாட்டார். "மொதல்ல எங்க படுக்குதுன்னு காட்டுங்க" என்பார். தொழுவத்தில் உட்கார்ந்து தரையைத் தொட்டுப் பார்த்து, கையை மோந்து பார்த்த பிறகுதான் மாட்டிடம் வருவார். இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன். அதை நான் நிறுத்திக்கொண்டது ஆட்டையாம்பட்டி நாய் விஷயத்துக்குப் பிறகுதான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஆட்டையாம்பட்டி நெசவாளி செங்கோடன் வீட்டில் செவலை என்ற நாய் இருந்தது. ஒரு காலையில் அதற்கு உடம்பெல்லாம் உதறியது. வாயில் நுரை, கால்கள் நாலு பக்கமும் விரிந்துகொண்டன. வெறி பிடித்துவிட்டது என்று தெருவே கதவைச் சாத்தியது. செங்கோடன் கோழி கவிழ்க்கும் பெரிய கூடையால் அதை மூடி, மாட்டுவண்டியில் ராசிபுரம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

அன்று சேலத்தில் டீக்கடையில் ஒருவர் இதைச் சொன்னார். "ஆட்டையாம்பட்டியில் வெறிநாய், மக்கள் பீதி" என்று என் பத்திரிகைக்கு ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். மறுநாளே அச்சில் வந்தது.

ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு கார்டு வந்தது. "நீங்கள் எழுதிய வெறிநாய் என் நாற்காலிக்கு அடியில் கறிச்சோறு தின்றுகொண்டிருக்கிறது. சௌகரியப்பட்டால் வந்து பார்க்கவும். நல்லதம்பி." போய்ப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளே உதறல் நின்றுவிட்டதாம். ஆனாலும் பத்து நாள் தம் கண்ணெதிரிலேயே கட்டிவைத்திருந்து பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார். "வெறின்னா பத்து நாள் தாண்டாதுங்க. பயப்படறவங்களுக்கு நாம பத்து நாளும் காட்டணும்" என்றார்.

வீட்டுக்குப் போன ஐந்தாம் நாள் மறுபடியும் உதறல். கோமாரி நோய் பற்றிக் கேட்டு எழுத நான் ராசிபுரம் போயிருந்தபோது செங்கோடன் மூச்சிரைக்க வந்தார்.

"எங்க பங்காளி பெரியண்ணன் தடியத் தூக்கிட்டாருங்க. நீங்க வர வரைக்கும் எங்க ஊட்டுக்காரி பாவாயி கதவ மறிச்சு நிக்கறா."

டாக்டர் சைக்கிளில் போனார். நான் செங்கோடனுடன் வண்டியில் பின்னால் போனேன்.

பெரியண்ணன் செங்கோடனின் பங்காளி. அவருடைய தங்கை நாய்க்கடியில் இறந்தவள். ஆகவே அவரை முரடர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் இடுப்பிலிருந்து மடித்த பத்திரிகையை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

"பேப்பர்லயே போட்டிருக்குதுங்க டாக்டரே! போன தடவ பாதி வெறி, இப்ப முழு வெறி. பேப்பர்காரன் பொய்யா சொல்லுவான்?"

டாக்டர் அதை வாங்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நானேதான் சொன்னேன்.

"அதை எழுதியவன் நான்தான். பார்க்காமல் எழுதினேன்."

"அப்ப இப்பப் பாருங்க சாமி!" என்று செவலையை அடைத்திருந்த அறையின் கதவு இடுக்கைக் காட்டினார். பார்த்தேன். உண்மையில் பயங்கரமாகத்தான் இருந்தது. பார்த்துவிட்டு எழுதியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

டாக்டர் பெரியண்ணனிடம் சொன்னார்: "உங்க பயம் நாயமானதுங்க. ஒரு நாழிக பொறுங்க. வெறின்னு எனக்குப் பட்டா, அந்தத் தடிய வாங்கி நானே அடிக்கறேன்."

பிறகு செங்கோடன் மனைவி பாவாயியிடம் திரும்பினார். "அம்மிணி, செவல எங்க படுக்கும்?"

"தறிக்குழியிலதானுங்க. மழ புடிச்சதுலருந்து அங்கதான்."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாய இங்கருந்து கொண்டாந்தீங்க, நானும் ஆஸ்பத்திரியிலயே பாத்துட்டேன். படுக்கற எடத்தப் போன தடவையே கேட்டிருக்கணும். கேக்காம உட்டுட்டேன்."

தறிக்குழி என்பது நெசவாளி காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிற பள்ளம். அவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். டாக்டர் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார். "எறங்கலாமா அம்மிணி?" என்று கேட்டு, அவள் தலையசைத்த பிறகு இறங்கினார். காற்றுப் பட்டால் நூல் காய்ந்து அறுந்துவிடும் என்பதால் அந்த அறையின் ஜன்னலைத் திறப்பதே இல்லை. குழிக்குள் மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக் காட்டினேன். சுவர் முழுதும் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சைக்காளான் படர்ந்திருந்தது. ஒரே ஓர் இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, பூஞ்சை இல்லாமல் சுவர் வழுவழுப்பாக இருந்தது. நாய் படுத்தால் அதன் மூக்கு வருகிற உயரம்.

"ரிப்போர்ட்டரே, இதைப் பாருங்க. நல்லாப் பாருங்க. இது நாக்குப் பட்ட எடம்."

சுவரைச் சுரண்டி மோந்து பார்த்தார். "இதுக்கு என்னத்த அம்மிணி பூசுனீங்க?"

பாவாயி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மழையில குழிச் சுவரு சரிஞ்சு போச்சுங்க. பாவு நூலுக்குப் போடக் காச்சுன கஞ்சி, தெருவுல பாவு விரிக்க முடியாம அப்படியே மிஞ்சிருச்சு. புளிச்சாலும் கீழ ஊத்த மனசு வல்லீங்க. செம்மண்ணுல கொழச்சு நாந்தான் பூசுனேன். கெட்டியாத்தானுங்க நின்னுச்சு."

"செவுரு கெட்டியா நின்னுச்சு அம்மிணி. நாய்தான் நிக்கல."

அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கஞ்சி ருசிக்கு நாய் சுவரை நக்கியிருக்கிறது. கஞ்சியோடு பூஞ்சையும் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சுவர் கிடைக்கவில்லை, தேறியது. வீட்டுக்கு வந்தது, மறுபடி நக்கியது. டாக்டர் அடுப்புக்கரியை இடித்துத் தண்ணீரில் கரைத்து, அது விழுங்க முடிந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். ஒரு மூலையில் சாக்கு விரித்துக் கிடத்தி, யாரும் சத்தம் போடக் கூடாது என்றார். பெரியண்ணன் தடியை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் செவலை தலையைத் தூக்கி, தானாகவே ஒரு சட்டி தண்ணீரைக் குடித்தது.

பெரியண்ணன் எழுந்து உள்ளே போனார். தறியைக் கும்பிட்டுக் குழிக்குள் இறங்கி, அந்தத் தடியாலேயே சுவர்ப் பூச்சை இடித்துத் தள்ளினார். அள்ளிக் கொட்டியதை டாக்டர் எரிக்கச் சொன்னார். குழிக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், மூன்று நாள் ஜன்னலைத் திறந்து வைக்கவும் சொன்னார்.

செங்கோடன் இழுத்தார். "மூணு நாளு தறி நிக்கணுமுங்களா?" கேட்டுக்கொண்டே இருமினார்.

"இந்த இருமல் எப்பருந்து?"

"அதுவும் மழைக்குத்தானுங்க."

"நாய்க்கு நாக்கு வழியாப் போச்சு. உங்களுக்கு மூக்கு வழியாப் போவுது. நான் மாட்டு டாக்டரு, மனுசனுக்குச் சொல்லப்படாது. ஆனா சன்னலத் தொறங்க."

ஜன்னலைத் திறந்தார்கள். செவலைக்கு அப்புறம் உதறல் வரவில்லை. அடுத்த வருஷம் அது குட்டிகளோடு தெருவில் கிடந்ததைப் பார்த்தேன். செங்கோடனின் இருமல் நின்றதா என்று நான் கேட்காமல் விட்டுவிட்டேன். அதனால் அதை எழுத முடியவில்லை.

திருத்தம் ஒன்று அனுப்பினேன். "நாய்க்கு வெறி இல்லை என்பதெல்லாம் ஒரு செய்தியா, ஐயா?" என்று பத்திரிகை ஆபீஸில் கேட்டார்கள். மூன்று முறை எழுதிய பிறகு கடைசிப் பக்கத்தின் மூலையில் இரண்டு வரி வந்தது. டாக்டர் அதைக் கத்தரித்து ஆஸ்பத்திரிக் கதவில் ஒட்டியிருந்தார். அடுத்த மழையில் நான் போனபோது அதைச் சுற்றிப் பூஞ்சை பச்சையாகப் படர்ந்திருந்தது. "அரிசிக் கஞ்சியில ஒட்டுனேனுங்க" என்று சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பெரியண்ணன் முன்னால் அவர் என்னைக் காட்டிக்கொடுக்காதது மட்டுமல்ல, பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஏதாவது செய்தி சொன்னால் மட்டும், "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்பார். பார்த்தேன் என்றால், "படுக்கற எடத்தையும் பாத்தீங்களா?" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த இரண்டு கேள்விகளைத்தான். என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே கோடு கிழித்திருக்கிறேன். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் கேட்டது.

அவர் சாவுக்குப் போன அன்றைய பக்கமும் அப்படித்தான் இருக்கிறது. வலப்பக்கம்: எருமை முட்டியது என்று எழுதியதை அடித்துவிட்டு, நான்கு நாள் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறேன். இடப்பக்கம்: கழுவிய தரை, சுவரில் சாத்திய சைக்கிள், வாசலில் கழற்றி வைத்த பூட்ஸ். அந்த பூட்ஸைப் பார்த்ததும், அவர் உள்ளே எங்கேயோ இறங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதக் கை போனது. எழுதவில்லை. நான் பார்த்தது பூட்ஸை மட்டும்தான்.