கால் மேல் விழுந்த பழி

எங்கள் பிக்கப் வண்டி குதிக்க ஆரம்பித்தபோது, வண்டியைத் தவிர மற்ற எல்லோரையும் குற்றம் சொன்னார்கள். என் கணவர் ஓட்டினால் கால் சரியில்லை என்றார்கள். நான் ஓட்டினால் பொம்பளை ஓட்டுகிறாள் என்றார்கள். ரெண்டு பேர் ஓட்டினாலும் ஒரே மாதிரிதானே குதிக்கிறது, அப்படியானால் கோளாறு வண்டியில்தானே இருக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொல்லவும் சொன்னேன். அதற்குக் கிடைத்தது ஒரு பழமொழிதான்.

எருமப்பட்டிப் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் முட்டை ஏற்றி, நாமக்கல்லிலும் சேலம் அம்மாபேட்டையிலும் கடை கடையாக இறக்குவது எங்கள் தொழில். முட்டை வண்டி ஓட்டுவது தனி வித்தை. வேகமாகப் போகிறவனை யாரும் மெச்ச மாட்டார்கள். அடித்தட்டு அட்டையில் ஒரு முட்டை கீறாமல் கொண்டுபோய் நிறுத்துகிறவன்தான் டிரைவர். அதற்கு பிரேக்கைவிட கிளட்ச் முக்கியம் என்பார் என் கணவர். கிளட்ச்சை விடுவது தெரியாமல் விட வேண்டும், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல. அவர் அப்படித்தான் விடுவார். பண்ணைக்காரர்கள் அவர் வண்டி வரட்டும் என்று லோடை நிறுத்தி வைத்திருந்த காலம் உண்டு.

போன மழைக்காலத்தில் பைக்கில் போனவருக்கு நாய் குறுக்கே வந்தது. விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். முறிந்தது இடது கால், கிளட்ச் மிதிக்கிற கால். மனிதர் கட்டிலில் படுத்துக்கொண்டு வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தக் கால் என்பதைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசினார்.

தொழிலை நிறுத்த முடியாது. லைசென்ஸ் என்னிடம் கல்யாணத்துக்கு முன்பே இருந்தது, எங்கப்பாவின் காரை ஓட்டி எடுத்தது. லைசென்ஸ் இருப்பது வேறு, முட்டை வண்டி ஓட்டுவது வேறு என்று முதல் லோடிலேயே தெரிந்துகொண்டேன். ஆனாலும் கற்றுக்கொண்டேன். எனக்கு எதுவும் லேசில் வராது, வந்ததை லேசில் விடவும் மாட்டேன். கொஞ்ச நாளில் பண்ணை மேடையில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது வேடிக்கை பார்க்கிற கூட்டம் குறைந்து, பிறகு இல்லாமலே போனது. ஓட்டத் தெரிந்துவிட்டது என்பதற்கு அதுதான் சான்றிதழ்.

அவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும், வண்டி ஓட்ட டாக்டர் விடவில்லை. கழுவலாம் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குக் குளியல். ஒரு சாக்கை விரித்து, நல்ல காலை ஊன்றி, கம்பி வைத்த காலை நீட்டிப் படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போவார். கழுவி முடித்ததும் பழைய ஸ்பிரே பம்பில் டீசல் ஊற்றி அடிப்பாகம் முழுக்க அடிப்பார். சேஸ் என்கிற அடிச்சட்டம் கறுகறுவென்று மின்னும். இது எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், துரு ஏறாது என்பார்கள். அவர்கள் எப்போதாவது செய்வார்கள், இவர் வாராவாரம் செய்தார். அப்புறம் எலுமிச்சம்பழம், சூடம். கியர் ராடின் குமிழில் ஒரு முழம் மல்லிகை. ஓட்ட முடியாதவருக்கு வண்டியைத் தொடவாவது ஒரு சாக்கு வேண்டுமே என்று நானும் விட்டுவிட்டேன். வெளியே வரும்போது டீசல் வாசனையோடு சிரித்துக்கொண்டு வருவார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு லிட்டர் டீசல் ஊற்றிக் கொடுத்திருப்பேன்.

குதிப்பு அந்த மாதங்களிலேயே மெல்ல ஆரம்பித்தது. நின்ற இடத்திலிருந்து கிளப்பினால் வண்டி உதறும். ஆக்ஸிலேட்டரை விட்டு மிதித்தால் முன்னே ஒரு எகிறு எகிறும். ரெண்டாவது கியர் போட்டால் கர்ரென்று பல் கடிக்கும். நான் இந்த ஒரு வண்டியில்தான் கைபழகினேன் என்பதால், சரக்கு வண்டி என்றாலே இப்படித்தான் போல என்று முதலில் நினைத்தேன். போகப்போக அதிகமாயிற்று. வீட்டில் சொன்னேன். என் கணவரின் அண்ணன் அன்றைக்கு வந்திருந்தார். நல்ல மனிதர், ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் துணையாகப் படுத்துக் கிடந்தவர். ஆனால் வாயில் எப்போதும் ஒரு பழமொழி தயாராக இருக்கும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். கட்டிலில் உட்கார்ந்திருந்த என் கணவர் சிரித்தார். அண்ணன் சொன்னது எனக்கு உறைக்கவில்லை, இவர் சிரித்தது உறைத்தது.

டாக்டர் ஓட்டலாம் என்றதும் அவர் சாவியை வாங்கிக்கொண்டார். முதல் நாளே வண்டி அவரையும் உதறியது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன். இப்போதாவது வண்டியைச் சந்தேகப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் காலைச் சந்தேகப்பட்டார். கம்பி வைத்த கால், பிடிமானம் போய்விட்டது, எந்த இடத்தில் கிளட்ச் பிடிக்கிறது என்று பாதத்துக்குத் தெரியவில்லை என்றார். பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் காட்டினோம். மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றினார். குதிப்பு போகவில்லை. அடுத்ததாக கிளட்ச் பிளேட்டைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, இவர் நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை இவர் கவனித்துவிட்டார்.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக, அந்த வாரமே அம்மாபேட்டையில் அட்டைகளை இறக்கும்போது அடித்தட்டிலிருந்து மஞ்சள் கரு ஒழுகியது. கடைக்கார அம்மா திட்டியிருந்தால் தேவலை. அவர் இவருடைய காலைக் குனிந்து பார்த்துவிட்டு, வலிக்குதா என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும் இவர் அண்ணனுக்குப் போன் போட்டார். வண்டியை விற்றுவிட்டுத் தீவனக் குடோனில் நாற்காலியில் உட்காரும் வேலைக்குப் போகலாம் என்று அண்ணன் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் காது கொடுத்ததே இல்லை. அன்றைக்கு, "ஞாயித்துக்கெழம ஆளக் கூட்டிட்டு வாங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வண்டி போவது பெரிதில்லை. இனி இந்த மனிதர் ஆயுசுக்கும் தன் காலை நம்ப மாட்டார், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ரோட்டில் போகிற வண்டிகளின் கியர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிழவராகிவிடுவார் என்பதுதான் பெரிது. அதை நான் பார்க்கத் தயாராக இல்லை. சனிக்கிழமை லோடுக்கு நானும் வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். அண்ணனும் போனில் அதையேதான் சொன்னார், அவன் காலைக் கொஞ்சம் கவனி, ரொம்ப நடுங்கினால் நீயே ஓட்டிக்கொண்டு வந்துவிடு என்று.

அப்படித்தான் முதல் முறையாக, முட்டை ஏற்றிய எங்கள் வண்டியில், ஸ்டியரிங் பிடிக்காத பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். சொன்னபடி காலையே பார்த்தேன். பண்ணையிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிய வெறும் பாதம். கிளட்ச் மேலே வைத்த இடத்தில் வைத்தபடி, நூல் பிடித்ததுபோல மேலே வந்தது. ஒரு நடுக்கம் இல்லை. வண்டி மட்டும் உதறியது. கால் இப்படி இருக்கும்போது வண்டி ஏன் உதற வேண்டும் என்று யோசித்துக்கொண்டே பார்க்கும்போதுதான், காலுக்கு இந்தப் பக்கம் இருந்த கியர் ராடு கண்ணில் பட்டது.

ராடு தானாக நகர்ந்தது. அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என் முழங்கால் பக்கம் சாய்ந்தது, விட்டால் அவர் முழங்கால் பக்கம் போனது. குமிழில் கட்டின மல்லிகைச் சரம் போய்ப் போய் என் சேலையில் உரசியது. ஓட்டும்போது கை அதன் மேலேயே இருக்கும், கண் ரோட்டில் இருக்கும். அதனால் ஓட்டுகிறவர்களுக்கு அது தெரிந்ததே இல்லை. ராடு கியர்பாக்ஸின் தலையிலிருந்து வருகிறது. ராடு சாய்ந்தால் கியர்பாக்ஸ் சாய்கிறது. கியர்பாக்ஸ் சாய்ந்தால் அதோடு சேர்ந்திருக்கிற இன்ஜினும் சாய்கிறது. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை.

ராடிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்றார். கொஞ்சமா என்று நீங்களே பாருங்கள் என்றேன். ரோடு காலியாக இருந்த இடத்தில் மிதித்து, விட்டு, மறுபடி மிதித்துப் பார்த்தார். ராடு ரெண்டு பக்கமும் போய் வந்தது. அம்மாபேட்டைக்குப் போகாமல், லோடோடு பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

மெக்கானிக்கிடம் நான்தான் சொன்னேன். ராடு நகர்கிறது என்றதும் அவர் முகம் மாறியது. பானட்டைத் திறந்தார், இவரை உள்ளே உட்கார வைத்தார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சை அரை விரல் அளவு விடச் சொன்னார். இன்ஜின் ஒரு பக்கம் மேலே எழுந்தது. படுத்திருந்த எருமை முன்னங்காலை ஊன்றுமே, அப்படி எழுந்தது. ரிவர்ஸ் கியர் போட்டு விடச் சொன்னார். மறுபக்கம் எழுந்தது.

"இதுக்குங் காலுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றார் மெக்கானிக்.

இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் ரப்பருக்கு மவுண்டிங் என்று பெயர். அடியில் படுத்து அதை விரலால் அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருக்க வேண்டிய ரப்பர் ஊதி, களியாகக் குழைந்து, இரும்பை விட்டுப் பிரிந்திருந்தது. பிடிப்பு இல்லாததால் கிளட்ச்சை விடும்போதெல்லாம் இன்ஜின் துள்ளியது, கூடவே ராடையும் இழுத்தது, கியர் அதன் இடத்தில் விழாமல் பல் கடித்தது. கோளாறு அவ்வளவுதான். மெக்கானிக் வெளியே வந்து, கறுப்பான விரலை முகர்ந்து பார்த்தார்.

"ஆருங்க இதுக்கு டீசல் அடிச்சது?"

"நாந்தேன்" என்றார் என் கணவர்.

இரும்புக்கு டீசல் ஆகும், ரப்பருக்கு ஆகாது என்று மெக்கானிக் மெதுவாகத்தான் சொன்னார். எப்போதாவது அடித்தால் காய்ந்துவிடும். வாராவாரம் அடித்தால் ரப்பர் அதைக் குடித்துக் குடித்து ஊறிவிடும். பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதி இப்படி ஆசையில் கெட்டதுதான் என்றார். என் கணவர் பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். ஓட்ட முடியாத நாட்களில் வண்டிக்குத் தான் செய்த ஒரே வேலை, அதுவே வண்டியைக் கெடுத்து, பழியைக் கொண்டுவந்து காலின் மேல் போட்டிருக்கிறது. அவர் வேட்டியை ஒதுக்கி, தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். தப்பே செய்யாத பிள்ளையை அடித்துவிட்ட அப்பனின் முகம் அது. எனக்கு அழுகை வந்தது, பட்டறை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

புது மவுண்டிங் போட்டு மாலையில் அம்மாபேட்டைக்குப் போய் இறக்கினோம். உடைசல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொன்னபடி வண்டி வாங்கும் ஆளோடு வந்துவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள். என் கணவர் ரெண்டு பேருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார். குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"வண்டி விக்கறதில்லீங்க. ஆனா வந்தவிய நடந்து போவேண்டாம். ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல எறக்கி உடறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மோர் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். போனாலும் காது வாசலில்தான் இருந்தது. முதல் கியரில் கிளம்பிய சத்தம் கேட்கவேயில்லை. வேப்பமரத்துத் திருப்பத்தில் ரெண்டு, ஏரிக்கரை ஏறும்போது மூன்று. எங்கேயும் பல் கடிக்கவில்லை. அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை சொம்பைக் கழுவாமல் நின்றிருந்தேன்.

திரும்பி வந்தபோது அண்ணனும் கூடவே இருந்தார். வாங்க வந்தவரை மட்டும் பஸ் ஏற்றிவிட்டார்களாம். அண்ணன் இறங்கி வந்து, கூடம்தான் கோணலாக இருந்திருக்கிறது என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். பழமொழிக்காரரிடம் இதைவிட எதிர்பார்க்க முடியாது, நான் மன்னித்துவிட்டேன். என் கணவர் வீட்டுக்குள் வரவில்லை. இன்ஜினை அணைக்காமல் இறங்கி, சுற்றிப் போய், இடது பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

எதற்கு என்று கேட்காமல் ஏறினேன். செருப்பைக் கழற்றினேன். கிளட்ச்சை மிதித்து முதல் கியர் போட்டு விட்டேன். வண்டி தண்ணீரில் போவதுபோல நகர்ந்தது. ரெண்டாவது போட்டேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, ராடையும் பார்க்கவில்லை. குனிந்து என் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏரிக்கரை மேடு வந்தது.

"உன்ற கால்லயும் ஒரு கொறையும் இருந்ததில்ல அம்மிணி" என்றார்.

நான் மூன்றாவது கியருக்கு மாற்றினேன்.