எழிலரசி கையால் செய்த இறால்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு ஞானம்மாளுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். அவள் கணவர் அமல்ராஜும் என் வீட்டுக்காரரும் ஒரே தொழிற்சாலையில் வேலை. விருந்தாளிக்கு டீயும் பிஸ்கட்டும் நீட்டி அனுப்புவது அவளைப் பொறுத்தவரை பாவம். மீனோ இறாலோ தட்டில் இருந்தே ஆக வேண்டும்.

ஒரே மகள் எழிலரசி. வயது முப்பதை நெருங்குகிறது. இரண்டு கைகளிலும் வெண்படை. ஒட்டுவாரொட்டி இல்லை என்று டாக்டர் சொல்லியாயிற்று. நம் ஜனங்களுக்கு மண்டையில் ஏறினால்தானே! வந்த வரன்கள் தட்டிப்போயின. பூந்தமல்லி நிர்மல் வீட்டாரிடம் மட்டும் தரகர் முன்கூட்டியே சொல்லி, அவர்களும் பரவாயில்லை என்றிருந்தார்கள்.

"இதும் தட்டிப்போச்சுன்னா இனி யாரு முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்னுட்டா," என்று ஞானம்மாள் என்னிடம் அழுதாள்.

அவர்கள் பெண் பார்க்க வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஞானம்மாள் வேலையில் இறங்கினாள். நான் இறாலை உரித்துக் குடல் எடுத்துக் கொடுத்தேன். மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டு, எலுமிச்சைச் சாறு போட்டு ஊறவைத்துச் சோள மாவில் புரட்டினாள். தொட்டுக்கொள்ளப் புதினாவும் பச்சைமிளகாயும் அரைத்துக் கெட்டித் தயிரில் கலக்கினாள். விருந்தாளி வந்து செருப்பைக் கழற்றும்போது எண்ணெயில் போட்டால் போதும், அவ்வளவு சுலபம். எழிலரசியை அடுப்படிப் பக்கமே விடவில்லை. பட்டுப்புடவையில் எண்ணெய் தெறித்துவிடுமாம்.

வந்தார்கள். நிர்மல் எழிலரசியைப் பார்த்துச் சிரித்தான்; அவளும் சிரித்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அவன் அம்மா ஓர் இறாலை எடுத்துத் தயிரில் தோய்த்துவிட்டாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாத் தாய்மாரும் சொல்கிற பொய்யை அப்போது பார்த்து ஞானம்மாள் சொன்னாள்.

"எல்லாம் எம்மவ கையால செஞ்சதுங்க."

அந்தம்மாள் எழிலரசியின் கைகளைப் பார்த்தாள். இறாலைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"வவுறு சரியில்லமா. காலைலேந்து இன்னாவோ மாதிரி கீது."

தட்டை நோக்கிப் போன நிர்மலின் கை மடிக்குத் திரும்பியது. அவனை ஓர் அறை விடலாமா என்றிருந்தது எனக்கு.

'நான்தான் செய்தேன்' என்று ஞானம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கலந்து பேசிச் சொல்வதாக அவர்கள் எழுந்து போனார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"நீதான் செஞ்சேன்னு சொல்லியிருக்கலாமில்லம்மா?" என்றாள் எழிலரசி.

"சொல்லியிருக்கலாம்ட்டி. எம்மவ கை பட்டா ஆவாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா?"

எழிலரசி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஞானம்மாள் அந்தக் கைகளைப் பிடித்து விலக்கினாள்.

"பசிக்குதுட்டி. ஒண்ணு ஊட்டி விடு."

மகள் ஓர் இறாலைத் தோய்த்து வாயருகே கொண்டுபோனாள். ஞானம்மாள் வாங்கிக்கொண்டாள். வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தாள், விழுங்க முடியவில்லை.