கூரையிலிருந்து இறங்கிய கடல்

முகாமின் தையல்காரிக்குப் பத்தொன்பது வயது. ஊரைக் கடல் கொண்டுபோனதால் அகதியானவள், தெருநாடகத்துக்கு அதே கடலை ராட்சதப் பொம்மையாகத் தைத்தாள். பருவம் தப்பிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நாடகம் அது. துணி போதவில்லை. கோடையில் மழை எங்கே வரப்போகிறது என்று நம்பி, அம்மாவிடம் சொல்லாமல் வீட்டுக் கூரையின் நீலத் தார்ப்பாயை உருவிவிட்டாள்.

நாடகம் சூடுபிடித்தபோது மழை கொட்டியது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“அடியே, கடலைக் கழட்டு! வீடெல்லாம் ஒழுகுது.”

“அஞ்சு நிமிஷம்மா, இப்பதான் ஊரை முழுங்கப் போகுது.”

“நம்ம ஊரை முழுங்கினது பத்தாதா? வாடி!”

கடலைத் தூக்கிப் பிடித்திருந்த நால்வரும் அப்படியே முகாமுக்கு நடந்தார்கள். கூட்டமும் நனைந்துகொண்டே பின்னால் போனது. கடல் கூரைமேல் ஏறிப் படுத்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

“தட்டினது போதும், ஓரத்தை இழுத்துக் கட்டுங்க” என்றாள் அம்மா.